திருப்புவிசை

ஒரு பொருளை அச்சைச் சுற்றித் திருப்பும் விசையின் விளைவு. அலகு: நியூட்டன் மீட்டர். திரும்பு தன்வினை, திருப்பு பிறவினை. திரி, திருகு, திரிகை எல்லாம் இதே குடும்பம். ஆங்கிலத்தின் ‘டார்க்’, முறுக்குதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, 1884-இல் அச்சேறியது. குன்றத்தூரிலிருந்து ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு போகிறவர்களுக்கு டார்க் ரெஞ்ச் வழியே அது பழகிய சொல். போல்ட் குறித்த அளவுக்கு இறுகியதும் ‘டிக்’ என்று கையில் தட்டும்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மிரளும் இடம் இதன் கணக்கு. மிரள வேண்டாம்: திருப்புவிசையும் நிலைமத் திருப்புத்திறனும் மாறாவிட்டால் கோண முடுக்கமும் மாறாது, நேர்கோட்டு இயக்கத்தின் சமன்பாடுகளே போதும். ஓய்விலிருக்கும் லேத் சக் (கடைசல் இயந்திரத்தில் பொருளைப் பிடித்துச் சுழலும் பகுதி) ஒன்றின் நிலைமத் திருப்புத்திறன் 0.2 கிலோகிராம் மீட்டர்² என்போம். உராய்வு போக நிகரத் திருப்புவிசை 4 நியூட்டன் மீட்டர். வகுத்தால் கோண முடுக்கம் 20 ரேடியன்/வினாடி². 5 வினாடியில் வேகம் 100 ரேடியன்/வினாடி, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 955 சுற்று. அதற்குள் சக் ஏறக்குறைய 40 முறை சுழன்றிருக்கும். சுற்றுக் கணக்கை ரேடியனாக மாற்றாமல் சமன்பாட்டில் போடுவதில்தான் பெரும்பாலும் மதிப்பெண் போகிறது.

‘முறுக்குவிசை’ என்றும் எழுதுகிறார்கள். சக் முறுகுவதில்லை, திரும்புகிறது, திருப்புவிசையே பொருத்தம்.