டிரைப்பின் படங்களில் திருமலை நாயக்கர் அரண்மனை

சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரையில் சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் அரண்மனையைப் படமெடுத்தார். அவர் கையாண்டது மெழுகூட்டிய காகித எதிர்மறை முறையாகும். அக்காகிதத்தின் ஒளியுணர்திறன் குறைவு. ஆதலின் நீண்ட நேரம் ஒளிபடச் செய்தல் வேண்டும். அசையாத தூணும் சுவரும் தெளிவாகப் பதிந்தன, நடமாடுவோர் பதிவதில்லை. எனவே, இப்படங்களில் காணப்பெறும் வெறுமையை அரண்மனை கைவிடப்பட்டதற்கு மட்டுமே சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. கருவியின் எல்லையும் அதில் கலந்துள்ளது. ஆயினும், ஆளுநர் நேப்பியர் காலச் (1866–1872) சீரமைப்புக்கு முந்தைய கட்டட நிலையை இவை காட்டுகின்றன. நாயக்கர் காலப் பணியையும் பிற்காலப் பணியையும் பிரித்தறிய இவை முதன்மைச் சான்றுகளாகும். அங்கு மக்கள் புழங்கினரா என்பதற்கு எழுத்தாவணங்களையே நாட வேண்டும்.