ஒரு கல்லுக்கு மூன்று பெயர்கள்

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் தமிழ்ப்பள்ளிகளில் கடாரத்துக்குச் சுற்றுலா செல்லும் பேச்சு எழுவது வழக்கம். இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டு வாக்கில் படை நடத்தி வென்ற மண் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்த இடத்தைப் பிள்ளைகள் நேரில் காண விழைவது இயல்பே. மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வெளியே நடக்கையில், கண்ணில் பட்ட செங்கல் துண்டையோ ஓட்டுச் சில்லையோ எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாத பிள்ளை அரிது. அப்போது பெற்றோர் கேட்கும் வினா ஒன்றே. "பொது நிலத்தில் கிடக்கும் கல்தானே ஆசிரியர், எடுத்தால் என்ன?"

வினா எளிது, விடை அத்துணை எளிதன்று. அதன் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்த்தால்தான் இன்றைய குழப்பமும் விளங்கும்.

1819ஆம் ஆண்டு சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் காட்டை அழித்துக்கொண்டிருந்தபோது பெரும்பாறை ஒன்று வெளிப்பட்டது. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம். அதன்மேல் ஐம்பது வரிகள் அளவுக்கு எழுத்துகள். எம்மொழி என்று எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை. 'செஜாரா மெலாயு' கூறும் பாடாங் என்னும் மாவீரன், கலிங்கத்திலிருந்து வந்த மல்லனோடு போட்டியிட்டுத் தூக்கி எறிந்த பாறை இதுவே என்று சிலர் கருதினர். அரசுக்குரிய நிலத்தில், அனைவர் கண்முன்னும் நின்ற அந்தப் பாறையை 1843ஆம் ஆண்டு அரசு அதிகாரிகளே வெடி வைத்துத் தகர்த்தனர். அவ்விடம் கட்டுமானத்துக்குத் தேவைப்பட்டதாம்!

அதன்பின் நடந்ததைத்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பழம்பொருள் ஆர்வலரான ஜேம்ஸ் லோ என்னும் பிரித்தானிய அதிகாரி, சிதறிய துண்டுகளுள் எழுத்துள்ளவற்றைத் தேடிப் பொறுக்கினார். அவற்றுள் சிலவற்றைச் செதுக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். மற்றொரு துண்டு கருவூலத் தாழ்வாரத்தில் காவற் சிப்பாய்கள் அமரும் இருக்கையாயிற்று. ஆளுநர் மாளிகையின் மூலையில் கிடந்த வேறொன்றை, ஆளுநர் பினாங்கு சென்றிருந்த வேளையில் கைதிகள் உடைத்துச் சாலைக்குச் சல்லியாகப் போட்டுவிட்டனர் என்று அக்காலத்தவர் ஒருவர் எழுதியுள்ளார். கல்கத்தா சென்ற துண்டுகளுள் ஒன்று மட்டும் பிற்காலத்தில் கடனாகத் திரும்பி வந்து சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் இடம்பெற்றது. அதன் எழுத்தை இன்றளவும் யாரும் ஐயமறப் படித்தாரில்லை. முழுப் பாறையும் இருந்திருந்தால் படித்திருக்கக் கூடும்.

வெடி வைத்தவர், பொறுக்கியவர், அமர்ந்தவர், சல்லியாக்கியவர் ஆகிய எவரையும் தடுக்க அன்று சட்டமில்லை. லோ நல்லெண்ணத்தோடு செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் 1834இல் செபராங் பிறையில் கண்டெடுத்த, புத்தகுப்தன் என்னும் மாலுமியின் பெயர் பொறித்த கல்வெட்டும் கல்கத்தாவுக்கே சென்றது. நம் பிள்ளைகள் அதைக் காண வேண்டுமானால் வங்காளத்துக்குப் பயணப்பட வேண்டும். ஆனால் 1845இல் புக்கிட் மெர்தாஜத்தில் அவர் கண்ட செரோக் தோக்குன் கல்வெட்டு, பெயர்க்க இயலாத பெரும்பாறையில் இருந்ததால் இன்றும் புனித அன்னாள் தேவாலய வளாகத்திலேயே இருக்கிறது. எடையே அதற்குக் காவலாயிற்று.

இனி இன்றைய சட்டங்களுக்கு வருவோம். மலேசியாவில் நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. மரபுடைமைப் பாதுகாப்போ 2005ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்தின் வழி, கூட்டரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. குழப்பத்தின் வேர் இங்குதான் உள்ளது.

1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத் தொகுப்பு 'பாறைப் பொருள்' என்றொரு சொல்லை வகுத்து வைத்திருக்கிறது. பாறை, கல், சரளை, மணல், களிமண், செம்புரைக்கல், பவளம், கிளிஞ்சல், வௌவால் எச்சம் வரை அதில் அடங்கும். அவற்றால் செய்த செங்கல்லும் சுண்ணாம்பும்கூட அடங்கும். மாநில நிலத்திலிருந்து இவற்றை அனுமதியின்றி எடுப்பது குற்றம். பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டன? செங்கல்லாலும் செம்புரைக்கல்லாலும் கருங்கல்லாலும்தான்! நிலச் சட்டத்தின் கண்ணுக்குச் சோழர் காலத்துச் செங்கல்லும் நேற்றுச் சூளையில் வெந்த செங்கல்லும் ஒன்றே.

அதே கல் நிரந்தரக் காப்புக் காட்டில் கிடந்தால், 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்படி அது 'வன விளைபொருள்'. தேக்கும் பிரம்பும் போல அதுவும் ஒன்று.

மூன்றாவது பெயர் 'தொல்பொருள்'. முன்பு 1957ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் 1976ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் தனித்தனியே இருந்தன. இரண்டையும் நீக்கிவிட்டு வந்தது 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம். 2006 மார்ச் மாதம் முதல் நடைமுறையில் உள்ளது. மரபுச் சிறப்புடையது என்று நம்புவதற்குரிய பொருளைக் கண்டவர் உடனே மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். உரிமமின்றி அகழாய்வு செய்யலாகாது என்கிறது இச்சட்டம். சபாவும் சரவாக்கும் தத்தமக்கெனத் தனிச்சட்டங்கள் இயற்றியுள்ளன.

ஆக, ஒரு கல் பாறைப் பொருளா, வன விளைபொருளா, தொல்பொருளா என்பதை அறிந்தால்தான் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்று தெரியும். அதை அறிவதற்கோ வல்லுநர் வேண்டும். வல்லுநர் வருமுன் முடிவெடுப்பவர் யார்? குனிந்து எடுப்பவர்தான், பெரும்பாலும் பத்து வயதுப் பிள்ளை. "நம்புவதற்குரிய" என்னும் சொல்லை வைத்துச் சட்டம் எழுதியவர்கள் அந்தப் பிள்ளையை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெரியவர்களும் இதில் தடுமாறியதை 2013ஆம் ஆண்டு டிசம்பரில் நாடே கண்டது. பதினோராம் எண் சண்டி எனப்படும் தொன்மையான கோயில் எச்சத்தை வீடமைப்பு நிறுவனம் ஒன்று இடித்துத் தள்ளிய செய்தி வெளிவந்தது. நிலம் தனியாருடையது என்றனர் ஒருசாரார். அரசிதழில் பதிவாகவில்லை என்றனர் மற்றொரு சாரார். அங்கு அப்படியொன்று இருந்ததே தெரியாது என்றும் கூறப்பட்டது. ஆய்வாளர் குவாரிச் வேல்ஸ் 1930களிலேயே அப்பகுதியை அகழ்ந்து எண்ணிட்டுப் பதிவு செய்திருந்தார். எண் இருந்தது, நூலில் குறிப்பும் இருந்தது. பட்டியலில் மட்டும் இல்லை. அது பொது நிலமன்று என்பது உண்மைதான். ஆயினும், பதிவு செய்த கோயிலுக்கே இந்நிலை என்றால் ஆற்றங்கரையில் கிடக்கும் சில்லுக்கு என்ன காவல்?

"ஒரு சில்லை எடுப்பதால் என்ன குறைந்துவிடும்?" என்பார் உளர். பெங்காலான் பூஜாங் ஆற்றோரத்தில் சீனப் பீங்கான் சில்லுகளும் கண்ணாடி மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. ஒரு மணிக்கு விலை மதிப்பு ஒன்றுமில்லை. அது எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில், எந்தச் சில்லோடு சேர்ந்து கிடந்தது என்பதைக் கொண்டே அங்கு வணிகம் நடந்த காலத்தைக் கணிக்கின்றனர். வீட்டு அலமாரிக்கு வந்துவிட்ட மணி வெறும் மணிதான். குகைகளில் உரத்துக்காக வௌவால் எச்சம் தோண்டியவர்களால் கலைந்துபோன மண்ணடுக்குகள் பல. அவர்கள் ஒரு பழம்பொருளையும் திருடவில்லை, அடுக்கைத்தான் குலைத்தனர்.

எனவே பெற்றோருக்கு நான் கூறும் விடை இது. சுற்றுலா செல்லும்போது பிள்ளையின் கையில் அளவுகோல் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். வழக்கத்துக்கு மாறான பொருளைக் கண்டால் தொடாமல், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து இரண்டு படம் எடுக்கட்டும். ஒன்று அருகில், ஒன்று சுற்றுப்புறம் தெரியும்படி. இடத்தைக் குறித்துக்கொண்டு அருங்காட்சியக ஊழியரிடமோ மாவட்ட அலுவலகத்திலோ ஆசிரியர் தெரிவிக்கலாம். முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட பொருள் இருப்பின் எறிந்துவிடாதீர்கள். எங்கே, எப்போது எடுத்தது என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் கட்டி, அதையும் அவர்களிடமே காட்டுங்கள்.