கம்பெனி நிலமும் பேட்டை நிலமும்: ராபர்ட்சன்பேட்டையில் நகரத் திட்டமிடலின் வரலாறு

கோலார் தங்கவயலில் எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எந்த இடத்தில் மைதானம் என்பதை முடிவு செய்த கை ஒன்றல்ல. மைன்ஸ் பக்கம் கம்பெனி முடிவு செய்தது, பேட்டைப் பக்கம் சானிட்டரி போர்டு. சுரங்கம் மூடிய பின்னும் இந்தப் பிளவு ஆறவில்லை. ராபர்ட்சன்பேட்டையின் இன்றைய திட்டமிடல் சிக்கல்கள் பலவற்றுக்கும் இதுவே வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே காலூன்றியது. 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து ரயில் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கடந்து மின்சாரமும் வந்தது. 1901 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 38,204. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித் தமிழர்கள். அவர்களுக்குக் கம்பெனி தன் குத்தகை நிலத்திலேயே மூங்கில் தட்டி வீடுகளை ‘லைன்’ எனப்பட்ட வரிசைகளாக எழுப்பியது. பின்னாளில் தட்டி போய்ச் சுவர் வந்தது. ஆனால் லைன் லைனாகவே இருந்தது. ஷிப்டுக்கு ஆள் நடந்து வரும் தூரத்தில் குடியிருப்பு இருக்க வேண்டும் என்பதே அங்கே நில உபயோக விதி. அதிகாரிகளின் பங்களாக்களும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் விரிந்த நிலத்தில் மரநிழலில் அமைந்தன. தங்கவயலின் முதல் பூங்காக்கள் என்று சொல்லத்தக்கவை அவைதாம். லைன் வீட்டுக் குழந்தைகளுக்கு அவை வேலிக்கு அப்பால் இருந்தன.

ராபர்ட்சன்பேட்டை வேறு கணக்கில் பிறந்தது. வியாபாரிகளும் கைத்தொழிலாளர்களும் குடியேற, சுரங்கப் பகுதிக்கு வெளியே நேர்கோட்டுச் சாலைகளும் குறுக்குத் தெருக்களுமாக அளந்து போடப்பட்ட ஊர் இது. இன்றும் விலாசம் சொல்பவர்கள் கிராஸ் எண்ணைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். சாக்கடை, குடிநீர், மார்க்கெட், தொற்றுநோய்த் தடுப்பு ஆகியவை சானிட்டரி போர்டின் பொறுப்பு. திட்டமிடல் என்ற பெயர் அப்போது அதற்கு இல்லாவிட்டாலும், செய்த வேலை அதுதான்.

மேலே போட்ட திட்டத்தைக் கீழே இருந்த சுரங்கம் அடிக்கடி திருத்தியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும்போது, மேலே வீட்டுப் பாத்திரங்கள் அதிரும், சுவர் விரிசல் விடும். எந்த நிலத்தில் எத்தனை மாடி கட்டலாம் என்று மேற்பரப்பை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாத ஊர் இது. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கே அமைந்ததற்குத் தங்கவயலின் இந்த அனுபவமும் காரணம்.

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன, 1962இல் மத்திய அரசுக்கு மாறின, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 1964இல் தொடங்கப்பட்ட பி.இ.எம்.எல். நிறுவனமும் இங்கே தனக்கென்று ஒரு குடியிருப்பை அமைத்துக்கொண்டது. இதற்கிடையே 1961இன் நகர, ஊரமைப்புச் சட்டமும் 1987இன் நகர்ப்புற வளர்ச்சி ஆணையச் சட்டமும் வந்தன. அவற்றின் வழியே கே.ஜி.எஃப். நகர்ப்புற வளர்ச்சி ஆணையத்துக்குத் திட்டப் பொறுப்பு. அன்றாட நிர்வாகம் ராபர்ட்சன்பேட்டை நகரசபைக்கு. காகிதத்தில் இது முழு அதிகாரம். நடைமுறையிலோ, ஊரின் பெரிய திறந்தவெளிகள் சுரங்க நிறுவனத்தின் பெயரில் இருந்தன. வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டலாம். அடுத்தவர் நிலத்தில் அதைப் பூங்காவாக்க முடியாது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நிலத்தை நிர்வகித்த கை தளர்ந்ததே தவிர, உரிமை கைமாறவில்லை. வேலை போனவர்கள் பட்டா இல்லாத லைன் வீடுகளிலேயே தங்கி, விடிவதற்கு முன் பெங்களூர் ரயில் ஏறத் தொடங்கினார்கள். 2011இல் நகரசபை எல்லையில் 1,62,230 பேர் இருந்தார்கள்.

பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பட்டியலிட்டுக் காக்க வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டு கர்நாடகச் சட்டம். அப்படிப் பட்டியலிடப் புகுந்தால் தங்கவயலில் கண்ணை மறைப்பது சயனைடு மலைதான். தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் 13 மேடுகளாக 1,003 ஏக்கரில் மூன்று கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது. காற்றுக் காலத்தில் அதன் தூசி கொடியில் காயும் துணியிலும் மூடாத சோற்றுப் பானையிலும் படிகிறது. இத்தனை பெரிய வெற்றிடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உட்கார ஒரு நிழலில்லாமல் ஒரு நகரம் வாழ்வதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

2024 ஜூனில் அந்த 1,003 ஏக்கரில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மண் அள்ளிய பிறகு அந்த நிலம் என்னவாகும் என்பது குத்தகைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். மாஸ்டர் பிளானிலும் இடம்பெற வேண்டும். பிளான் வரைவின் மீது பொதுமக்கள் கருத்துச் சொல்ல 1961ஆம் ஆண்டுச் சட்டம் 60 நாள் தருகிறது. அந்த வரைவு தமிழிலும் அச்சாகி, மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் லைன்களுக்கு நடுவே ஒட்டப்பட வேண்டும். பட்டா இல்லை என்ற காரணத்தால் லைன்வாசிகளின் மனு தள்ளப்படக் கூடாது.