மூங்கிலும் துறுகல்லும்: சீன மையோவியமும் குறிஞ்சிப் பாடல்களும்

சங்கக் குறிஞ்சிப் பாடல்களைச் ‘சொல்லோவியம்’ எனப் பாராட்டுதல் நம்மிடையே பெருவழக்கு. மூங்கிலையும் பாறையையும் தனிப் பொருளாகவே கொண்டு வளர்ந்த சீன மையோவிய மரபோடு ஒப்பிட்டு நோக்கின், அப்பாராட்டின் போதாமை விளங்கும்.

சோங் காலத்து வென் தோங் (1018–1079) மூங்கில் ஓவியத்தில் தலைசிறந்தவர். அவர் மறைந்த ஆண்டில் அவரைப் பற்றி எழுதிய சூ ஷி, தூரிகையைத் தொடுமுன்பே மூங்கில் நெஞ்சில் முழுமையாக உருப்பெற்றிருத்தல் வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். உட்புழை பணிவாகவும், வளைந்தும் முறியாமை சான்றாண்மையாகவும் கொள்ளப்பெற்றன. யுவான் காலத்துச் சாவ் மெங்ஃபு (1254–1322) பாறையைத் தீட்டியதோ, உலர்ந்த தூரிகை இடையிடையே வெண்மை விட்டுச்செல்லும் எழுத்துமுறையால். அவர்க்கு எழுத்தும் ஓவியமும் ஒரே கலை. ஆங்கு மூங்கில் வரைபவனின் பண்பையே காட்டுகின்றது.

நம் மூங்கில் வேறு. பாலக்காட்டுப் பறம்பிக்குளம் முதல் இடுக்கி மறையூர் வரை ஆனைமலைத் தொடரில் அஃது யானைக்கு இரை. பூத்து விளைந்தால் மக்களுக்கு நெல். பூத்தபின் புதரே பட்டுப்போகும். உழவர் உழாது பறம்பு மலை தரும் உணவு நான்கனுள் மூங்கில் நெல்லைக் கபிலர் முதலாவதாக எண்ணுதல் (புறம். 109) ஈண்டு நினையத்தக்கது.

குறுந்தொகை 54-இல், தினைப்புனங் காப்போரின் கவண் ஒலிக்கு அஞ்சிய யானை, வளைத்த பசுங்கழையைக் கைவிடுகிறது. அது மீன்கவ்விய தூண்டிற்கோல்போல் மேலெழுகிறது. இவ்வுவமையே புலவர்க்கு மீனெறி தூண்டிலார் என்னும் பெயரைத் தந்தது. காவலுக்கு அஞ்சித் தலைவன் விட்டகன்றான் என்பதையும் அவ்வசைவே குறிப்பாக உணர்த்துகின்றது. அசையாத மூங்கிலை வைத்து இதனைச் சொல்லியிருக்க இயலாது. ‘ஓவியம்’ என்னும் சொல் இங்கே தடுமாறுகிறது.

பாறைக்கு வருவோம். மறையூர்ப் பகுதிப் பாறை ஒதுக்குகளில் தொல்லோவியங்கள் உள்ளன. அருகே ‘முனியறை’ என மக்கள் வழங்கும் பெருங்கற்காலக் கல்லறைகளும் காணப்படுகின்றன. சீனத்தில் பாறை வரையப்படும் பொருள். இங்கோ வரையும் தளம். பாடல்களில் அது பிறிதொன்றாகத் தோன்றி மயக்கும். கபிலர்க்குப் பெருமழையில் நனைந்த துறுகல் குளிப்பாட்டிய யானை (குறுந். 13). குறுந்தொகை 47-இல் வேங்கைப்பூ உதிர்ந்த துறுகல் புலிக்குட்டியாகத் தோன்றுகிறது. இதனை வெறும் அழகுக்காட்சி எனக் கொள்வோர் தோழியின் பேச்சை மறந்துவிடுகின்றனர். அவள் நிலவை நோக்கி முறையிடுகிறாள்: இரவில் அக்காட்டு வழியே மறைந்து வருபவன் தலைவன், ஒளி வீசும் நிலவு அவனுக்கு நன்மை செய்வதன்று.