ஹுதைபிய்யா கற்றுத்தரும் பாடம்: முதலில் நாம்

நல்ல கருத்துகளுக்கு நம் சமுதாயத்தில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. ஜும்ஆ மேடையில் கேட்கிறோம், நூல்களில் படிக்கிறோம், ஆமோதித்துத் தலையசைக்கிறோம். ஆயினும் கேட்டதைச் செய்யவேண்டிய நேரத்தில் தயங்கி நின்றுவிடுகிறோம். இத்தயக்கம் நமக்கு மட்டுமே உரியதன்று. நபித்தோழர்களும் ஒருநாள் அவ்வாறு நின்றார்கள்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு துல்கஃதா மாதம், உம்ராவை நாடி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1,400 தோழர்களுடன் மதீனாவிலிருந்து புறப்பட்டார்கள். இஹ்ராம் அணிந்து, பலிப்பிராணிகளையும் ஓட்டிச் சென்ற அவர்களைக் குறைஷியர் மக்காவுக்குள் நுழைய விடவில்லை. நகருக்கு வெளியே ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதப்பட்டது. பத்தாண்டுகள் போர் இல்லை. ஆனால் இவ்வாண்டு திரும்பிச் சென்று, மறு ஆண்டே உம்ராவுக்கு வரவேண்டும். மக்காவிலிருந்து தப்பி வருவோரைத் திருப்பி அனுப்பவேண்டும். அந்நேரத்தில் விலங்குகளுடன் தப்பி வந்த அபூ ஜந்தல் (ரலி) அவர்கள் தோழர்களின் கண்முன்னே திருப்பி ஒப்படைக்கப்பட்டார்கள். உமர் (ரலி) அவர்களைப் போன்ற உறுதிமிக்கவர்களின் உள்ளமும் கலங்கிற்று.

உடன்படிக்கை முடிந்தபின், எழுந்து பிராணிகளை அறுத்துத் தலைமுடியை மழித்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஒருவரும் எழவில்லை. மும்முறை கூறியும் எழவில்லை. அவர்கள் நம்பிக்கை இழந்தவர்கள் அல்லர். சில நாள்களுக்கு முன்புதான் மரத்தடியில் உயிரையே தரச் சித்தமாய் பைஅத் செய்தவர்கள். எனினும் கஅபாவைக் காணாமலே இஹ்ராமைக் களைய அவர்களின் மனம் இடந்தரவில்லை.

நபி (ஸல்) அவர்கள் கூடாரத்துள் சென்று, அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நிகழ்ந்ததைக் கூறினார்கள். அன்னையார் கூறிய ஆலோசனை சுருக்கமானது: வெளியே செல்லுங்கள், எவரிடமும் ஒரு சொல்லும் பேசாமல் தங்கள் பிராணியை அறுத்து, முடி மழிப்பவரை அழைத்து மழித்துக்கொள்ளுங்கள். நபியவர்கள் அவ்வாறே செய்தார்கள். அதைக் கண்டதும் தோழர்கள் அனைவரும் எழுந்தார்கள், அறுத்தார்கள், ஒருவருக்கொருவர் முடி மழித்துவிட்டார்கள்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அல்லாஹ்வின் தூதருடைய சொல்லைவிட உயர்ந்த மனிதச் சொல் வேறில்லை. அச்சொல்லைக் கேட்டும் எழ இயலாதிருந்த உள்ளங்களை அவர்களின் செயல் எழுப்பியது. அவ்வாறிருக்க, செயலின் துணையற்ற நம் அறிவுரைகள் நம் பிள்ளைகளை எவ்வாறு எழுப்பும்?

நான்கு ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 10இல், அரஃபாப் பெருவெளியிலும் இவ்வழிமுறையையே காண்கிறோம். அறியாமைக் காலத்து வட்டியை ஒழித்தபோது, நபி (ஸல்) அவர்கள் முதலில் தள்ளுபடி செய்தது தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியை. பழிக்குப்பழியை ஒழித்தபோது, முதலில் கைவிட்டது தம் குடும்பத்தைச் சேர்ந்த ரபீஆவின் மகனுக்கான பழியை. சட்டம் ஊராரின் வீட்டிலிருந்து தொடங்கவில்லை. சொந்த வீட்டிலிருந்து தொடங்கியது.

நாமோ கைக்கூலி ஹராம் என்று மேடையில் முழங்குகிறோம், நம் மகனின் நிக்காஹ் பேசும்போது "பெண் வீட்டார் விரும்பித் தருவதை எப்படி மறுப்பது?" என்கிறோம். பிள்ளைகளைத் தொழுகைக்கு விரட்டுகிறோம். பாங்கு ஒலித்த பின்னும் நம் கையிலிருந்து கைபேசி இறங்குவதில்லை. செய்யாததைச் சொல்வது அல்லாஹ்விடம் பெரும் வெறுப்புக்குரியது என அஸ்ஸஃப் அத்தியாயம் எச்சரிப்பது நம்மையும் நோக்கித்தான்.

ஆகவே, இவ்வாரம் நாம் கேட்ட நல்லவற்றுள் ஒன்றையேனும் எவருக்கும் எடுத்துரைக்கும் முன்னர், நம் வீட்டில் செய்து பார்ப்போமாக. அறிந்ததைச் செயலாக்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.