புள்ளிப் பதிவேடும் முன்னோடி ஆட்டக்காரர்களும்: முள்ளியவளையிலிருந்து ஒரு நோக்கு

ஒரு விளையாட்டின் முன்னோடிகள் பின்வந்த தலைமுறைகளுக்கு எவ்வளவு தெரியவருகின்றனர் என்பது அவர்களுடைய ஆற்றலை மட்டும் பொறுத்ததன்று. அவர்கள் ஆடிய நாளில் திடலோரத்தில் அமர்ந்து ஒவ்வொரு பந்தையும் குறித்துவைக்க ஒருவர் இருந்தாரா, குறித்த ஏடு பேணப்பட்டதா என்பதையும் பொறுத்ததாகும். அமெரிக்கரின் தேசிய ஆட்டமாகிய பேஸ்போல் இதற்குத் தெளிவான சான்று. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹென்றி சாட்விக் என்னும் நியூயோர்க் பத்திரிகையாளர், ஒவ்வொரு ஆட்டக்காரரும் அன்றைய ஆட்டத்தில் செய்ததைச் சிறு அட்டவணையாக நாளிதழில் வெளியிடும் முறையை வளர்த்து நிலைநிறுத்தினார். அந்த அட்டவணைகள் ஆண்டாண்டாகச் சேர்ந்ததனாலேயே, 1890 முதல் 1911 வரை பந்தெறிந்த சை யங் 511 ஆட்டங்களை வென்று கொடுத்தார் என்று இன்றும் ஐயமின்றிச் சொல்ல முடிகிறது.

அதே நாட்டில், நிறவேறுபாட்டினால் பெரிய கழகங்களிலிருந்து விலக்கப்பட்டுத் தமக்கெனத் தனிச் சுற்றுப்போட்டிகளை நடத்திய கறுப்பின ஆட்டக்காரருக்கு இந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவர்களுள் தலைசிறந்த அடிகாரரான ஜோஷ் கிப்சன், கறுப்பினத்தவர் பெரிய கழகத்தில் ஆடுவதற்கான கதவு திறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1947 சனவரியில் 35 வயதில் காலமானார். ஆய்வாளர்கள் பழைய நாளிதழ்களைத் துருவித் தொகுத்த புள்ளிகள் 2024 இல் அதிகாரபூர்வ ஏட்டிற் சேர்க்கப்பட்ட பின்னரே, அவருடைய வாழ்நாள் அடிச் சராசரி, அதாவது அடிக்க முற்பட்ட முறைகளுள் பந்தை அடித்துத் தளம் சேர்ந்தவற்றின் விகிதம், .372 என்றும், நீண்டகாலம் முதலிடத்திலிருந்த டை கொப்பின் .367 ஐ அது விஞ்சுகிறது என்றும் ஏற்கப்பட்டது.

கிப்சன் மறைந்த அதே 1947 இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்களைக் குவித்த மகாதேவா சதாசிவம், ஈழத்தமிழர் விளையாட்டு வரலாற்றில் அவரோடு ஒப்பவைக்கத் தக்கவர். 1915 ஒக்ரோபர் 18 இல் பிறந்து, கொழும்பு வெஸ்லி கல்லூரியிற் பயின்று, தமிழ் யூனியன் கழகத்திற்காக ஆடிய அவர், முதல்தரத் துடுப்பாட்டத்தில், அதாவது தேர்வுப் போட்டிக்கு அடுத்த நிலையாகக் கணிக்கப்படும் பலநாள் ஆட்டங்களில், விட்டுச்சென்ற கணக்கு 11 போட்டிகளும் 663 ஓட்டங்களும் 41.43 என்ற சராசரியும் மட்டுமே. ஏட்டை மட்டும் புரட்டும் ஒருவர் அவரை நல்ல துடுப்பாளர் என்று குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குச் சென்றுவிடுவார். ஆனால், 1950 இல் கொழும்பில் கொமன்வெல்த் அணிக்கு எதிராக அவர் பெற்ற 96 ஓட்டங்களை எதிரணியில் நின்று பார்த்த பிராங் வொரெல், தாம் கண்ட துடுப்பாளருள் முன்னிலையில் வைத்துச் சதாசிவத்தைப் போற்றினார் என்பது நெடுங்காலமாகப் பேணப்படும் செய்தி. மணிக்கட்டின் திருப்பத்தாலேயே பந்தைக் களத்தடுப்பாளர்களின் இடைவெளிக்குள் செலுத்தும் அவரது நுட்பத்திற்கு எந்தப் புள்ளிப் பதிவேட்டிலும் நிரல் இல்லை.

1948 மார்ச்சில் இங்கிலாந்து செல்லும் வழியில் பிரட்மனின் ஆஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆடியபோது, இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் சதாசிவமே. அன்று பிரட்மன் 20 ஓட்டங்களுடன் ஆட்டமிழந்தார். மழை குறுக்கிட்டு ஆட்டம் முடிவின்றி நின்றது. பந்துவீச்சாளர்கள் ஏதோ பிசகியிருப்பதாக உணர்ந்து அளந்து பார்த்தபோது, 22 யார் இருக்கவேண்டிய ஆடுதளம் 20 யாராகவே இருந்தது தெரியவந்தது. 1951 இல் மனைவியின் கொலை தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தடுப்பிலிருந்த சதாசிவம், 1953 இல் யூரிகளால் குற்றமற்றவர் எனத் தீர்க்கப்பட்டு வெளிவந்தார். பின்னர் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைமை தாங்கியதால் மூன்று நாடுகளின் அணித்தலைவர் என்ற அரிய பேறு அவருக்கு வாய்த்தது. இலங்கைக்குத் தேர்வுப் போட்டி ஆடும் தகுதி 1981 இல் கிடைத்தது. 1982 பெப்ரவரி 17 இல் முதற்போட்டி தொடங்கியது தமிழ் யூனியன் கழகத்தின் சொந்தத் திடலான சரவணமுத்து அரங்கில். சதாசிவம் அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1977 இல், காலமாகிவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் துடுப்பாட்டப் பெருஞ்சமரினாலும், கல்லூரி மலர்களில் ஆண்டுதோறும் அச்சேறிய பெறுபேறுகளினாலும், அங்குள்ள முன்னோடிகள் ஓரளவு எழுத்தில் நிலைத்தனர். மத்திய கல்லூரி மாணவராக உயரம் பாயத் தொடங்கி, 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேண் ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குபற்றிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தை ஈட்டியமை அந்தப் பள்ளிக்கூட மரபின் உச்சமாகும்.

வன்னியின் நிலை இதினின்றும் பெரிதும் வேறானது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், வயல்களும் குளங்களும் காட்டு விநாயகர் கோயிலும் சூழ அமைந்த முள்ளியவளை போன்ற பழைய ஊர்களில் ஆற்றலுக்கு ஒருபோதும் பஞ்சமிருந்ததில்லை. கிளித்தட்டும் கபடியும் மாட்டுவண்டிச் சவாரியும் இந்நிலத்து உழவர் வாழ்வோடு ஒட்டி வளர்ந்தவை. சவாரி என்பது இரண்டு காளைகள் பூட்டிய இலகுவான வண்டிகளை நேரான திடலில் இணையாக ஓடவிட்டு, எல்லைக்கோட்டை முந்தித் தொடும் வண்டியை அடுத்த சுற்றுக்குத் தெரிவுசெய்யும் போட்டியாகும். அங்கே பார்க்கப்படுவது எந்த வண்டி முந்தியது என்பதே. ஆகவே ஒரு சவாரிக்காரரின் வாழ்நாட் சாதனையைக் கூட்டிக் கணக்கிடுவதற்கு அடிப்படையே எழவில்லை. வென்ற காளைகளின் நிறத்தையும் கொம்பின் வளைவையும் நினைவிற் கொண்டு பேசும் முதியவர்களிடமே அந்த வரலாறு தங்கிற்று. முள்ளியவளையில் ஆடப்பட்டுவரும் கோவலன் கூத்தின் பாடல்களுக்கு அண்ணாவிமாரின் கொப்பிகள் இருந்தன. சவாரித்திடலுக்கு அத்தகைய கொப்பி எதுவும் எழுதப்படவில்லை. இது இந்நிலத்துக்கு நேர்ந்த உண்மையான இழப்பென்றே கொள்ளவேண்டும்.

பாடசாலைகள் பெருகி, இல்ல விளையாட்டுப் போட்டிகள் ஆண்டுதோறும் நடைபெறத் தொடங்கிய பின்னர் ஓட்ட நேரங்களும் பாய்ச்சல் தூரங்களும் குறிக்கப்பட்டன. எனினும் 2008 இன் இறுதியிலிருந்து 2009 மே வரை போரினால் முல்லைத்தீவு மாவட்டம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, உயிரைக் கையிற் பிடித்து ஓடிய மக்கள் பதிவேடுகளையும் சான்றிதழ்களையும் வெற்றிக் கிண்ணங்களையும் வீடுகளிலேயே விட்டுச்செல்ல நேர்ந்தது. முந்திய தலைமுறையின் சாதனைகளை இன்று நாடும் ஆய்வாளர், புலம்பெயர்ந்தோர் கையிலுள்ள ஒளிப்படங்களையும் மாகாண, தேசியப் போட்டிகளின் பழைய பெறுபேற்று ஏடுகளையும் நாளிதழ்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே தொகுக்கவேண்டியிருக்கும். கிப்சனின் புள்ளிகளும் அவ்வாறே மீட்கப்பட்டன.

அந்தத் தலைமுறையினரில் ஒருவரின் பெயரேனும் அனைத்துலக ஏட்டில் ஏறியிருக்கிறது. 2023 நவம்பரில் பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், எழுபது வயதைக் கடந்த முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கமும், 800 மீற்றரில் வெண்கலமும் பெற்றார்.