தங்கம் இருக்கா?

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் என்னோடு காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர், சென்ற வாரம் கைபேசியில் ஒரு காணொளி காட்டினார். இங்கிலாந்தில் ஒருவர் மெட்டல் டிடெக்டரை ஆட்டிக்கொண்டே வயலில் நடக்கிறார். கருவி கத்துகிறது. தோண்டினால், முறுக்கிய கயிறு போல ஒரு தங்கக் கழுத்தணி! "இந்த மெஷின் ஒண்ணு வாங்கினா நம்ம பக்கமும் ஏதாவது கிடைக்குமா சார்?" என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் பழைய கிணறு ஒன்று ஞாபகம் வந்து, சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கழுத்தணி. ரோமானியர் வருவதற்கு முன்பு பிரிட்டனில் வாழ்ந்த கெல்டிய மக்கள் அணிந்தது. 'டார்க்' என்பது பெயர். நார்ஃபோக் பகுதியில் ஸ்னெட்டிஷாம் என்ற ஊரில் 1948-ல் உழும்போது முதலில் தட்டுப்பட்டது. பழைய பித்தளைக் கட்டிலின் துண்டு என்று நினைத்து வயலோரம் போட்டுவிட்டார்களாம். 1950-ல் அங்கே கிடைத்த பெரிய டார்க் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். அதற்குள் ஒரு பழைய நாணயம் சிக்கியிருந்தது. நகை ஏறக்குறைய கி.மு. 75-ஐச் சேர்ந்தது என்று கணிக்க உதவியது அந்தச் சின்ன நாணயம்தான்.

1990-ல் ஒருவர் மெட்டல் டிடெக்டருடன் போய் மேலும் சில பொருள்களைக் கண்டார். பிறகு பிரிட்டிஷ் மியூசியத்தார் வந்து முறையாகத் தோண்டினார்கள். ஒரு குழியில் மேலே மதிப்புக் குறைந்த வளையங்கள். அவற்றுக்கு அடியில் மண். அதற்கும் அடியில் தங்கம். மேலே உள்ளதை எடுத்தவன் அதோடு போய்விடட்டும் என்று புதைத்தவர்கள் நினைத்திருக்கலாம். அவசரமாக அள்ளியிருந்தால் நாணயமும் உதிர்ந்திருக்கும், இந்த உபாயமும் நமக்குத் தெரிந்திருக்காது.

இதற்கு நிகரான தங்கம் நம்மிடமும் உண்டு. தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூர் 114 ஏக்கர் பரப்புள்ள இடுகாடு. 1876-ல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவர் அங்கே தோண்டி, கிடைத்ததைத் தம் ஊருக்குக் கொண்டுபோனார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அரசின் சார்பில் தோண்டினார். ஒவ்வொரு பொருளையும் குறித்துவைத்து, 1915-ல் பட்டியலாகவே அச்சிட்டார்.

அந்தப் பட்டியலில் தங்க நெற்றிப்பட்டங்கள் வருகின்றன. நீள்வட்டமான மெல்லிய தகடு. புள்ளி புள்ளியாகக் குத்திய கோலம். நூல் கோத்துக் கட்ட, சிலவற்றின் முனைகளில் துளை. நகைக்கடைத் தராசில் வைத்தால் முள் பெரிதாக அசையாது. ஆனால் அவற்றோடு கிடைத்தவற்றைப் பாருங்கள்: விலங்கு உருவங்கள் கொண்ட வெண்கல மூடிகள், இரும்பு ஆயுதங்கள், பானைக்குள் நெல் உமி, துணியின் சிறு துண்டு. இறந்தவரின் நெற்றியில் பட்டம் கட்டி, பக்கத்தில் தானியம் வைத்து அனுப்பிய வீட்டாரையே கண்முன் கொண்டுவருகின்றன இவை. தகட்டை மட்டும் எடுத்து உருக்கியிருந்தால் அரை மோதிரம் மிஞ்சியிருக்கும்.

சட்டத்தையும் நண்பருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தியப் புதையல் சட்டம் 1878-ல் வந்தது. இன்றும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரியவர் யாரும் இல்லை என்றானால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே வைத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கும். இங்கிலாந்திலும் புதையல் கிடைத்தால் 14 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். கருவி வைத்திருப்பவர் இஷ்டத்துக்கு எடுத்துப்போக முடியாது.

நம் பக்கமும் வெறும் மண் அல்ல. திருவள்ளூர் அருகே பட்டரைப்பெரும்புதூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2015-16-ல் அகழாய்வு செய்தது. பல்லாவரத்தில் சுடுமண் ஈமப்பேழை கிடைத்திருக்கிறது.

இனி அந்தக் கிணறு. 1974-ல் பூந்தமல்லிக்கு மேற்கே உறவினர் ஒருவர் நிலத்தில் கிணறு வெட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். ஆள் உயரத்துக்குக் கீழே பெரிய பானை ஒன்று வயிறு தெரிந்தது. தாழி என்றார் வெட்டுகிற பெரியவர். "தங்கம் இருக்கா?" என்று மேலிருந்து முதலில் கேட்டவன் நான்தான். கேட்டதும் கடப்பாரை விழுந்தது. உள்ளே சில எலும்புத் துண்டுகள், கருப்பும் சிவப்புமாக இரண்டு கிண்ணங்கள், துருப்பிடித்த இரும்பு. "ஒண்ணுமில்லப்பா" என்றார் அவர். எல்லாம் கூடையில் ஏறி, வண்டிப்பாதைப் பள்ளத்தை நிரப்பப் போனது. இன்று அங்கே வீடுகள் நிற்கின்றன.

ஒண்ணுமில்லை என்று நானும் அன்று நம்பினேன். அந்தக் கிண்ணத்தில் நெல் இருந்ததா, அந்த இரும்பு கத்தியா, மண்வெட்டியா, எலும்பு ஆணுடையதா, பெண்ணுடையதா? இன்று கேட்கத் தோன்றுகிறது. பதில் சொல்ல அந்தத் தாழி இல்லை.

இப்போது திருநின்றவூர் வரை அடுக்குமாடிகளுக்கு ஜேசிபி தோண்டிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கண்ணில் பானையோ தாழியோ பட்டால், வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், ஒரு படம் எடுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். தங்கம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்காதீர்கள்.

நண்பர் மெஷின் வாங்கும் யோசனையை விட்டுவிட்டார். வரும் சனிக்கிழமை ஆவடியில் ரயில் ஏறி, இருவரும் எழும்பூர் அருங்காட்சியகம் போகிறோம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. போகிறவர்கள் நினைவில் வையுங்கள்.